செய்யுளில் என்ன அணி என்று கண்டுபிடிப்பது எப்படி? பெயரைக் கடைசியில் வையுங்கள்

பள்ளியில் படிக்கும்போது அணி இலக்கணம், அதாவது பாட்டில் கருத்தை அழகாகச் சொல்லும் முறைகளைப் பற்றிய இலக்கணம், எனக்குப் பிடிக்கவே இல்லை. வரையறையை ஒப்பிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு குறளை எழுத வேண்டும், அந்தக் குறளுக்குப் பதில் வேறு ஒன்றைக் கொடுத்துவிட்டால் விழிக்க வேண்டும். பிறகு சொந்த ஆசையில் படிக்க ஆரம்பித்தபோதுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது. நாங்கள் பெயரை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்குள் அதைத் தேடினோம். நடப்பதோ நேர்மாறு. பாட்டு ஏதோ ஒரு வேலை செய்கிறது, அந்த வேலையைக் கவனித்தவர்கள் பிற்பாடு அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்போம், பதில் கிடைத்த பிறகு பெயரைச் சொல்வோம்.

பின்னணி கொஞ்சம் மட்டும். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று தமிழ் இலக்கணத்தை ஐந்தாகச் சொல்வது மரபு. தொல்காப்பியத்தில் அணிக்கென்று தனி அதிகாரம் கிடையாது, பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயல் இருக்கிறது. வடமொழியில் தண்டி எழுதிய காவியாதரிசத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் வந்தது. பொருளணிகள் 35 என்று அது கணக்கிடுகிறது. அத்தனையும் மனப்பாடமாக வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு நன்றாகப் பிடிபட்டால் பெரும்பாலான செய்யுள்களை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

முதல் படி: பதம் பிரித்து, பொருளை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பாட்டை அசைபிரித்துப் பார்ப்பதற்கு முன், அணியைத் தேடுவதற்கு முன், அது என்ன சொல்கிறது என்று பேச்சுத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், தவறு நேர்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

பதம் பிரிக்காமல் படித்தால் இது நாக்குச் சுளுக்கும் விளையாட்டு மாதிரி இருக்கும். பிரித்தால், 'உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்துக் கொடுத்து, அவர்கள் குடிக்கும்போது தானே உணவாகவும் ஆவது மழை' என்று தெளிவாக வரும். சோற்றை விளைவிப்பதும் அதுதான், தண்ணீராக உள்ளே போவதும் அதுதான். இது தெரிந்த பிறகு, 'துப்பு' ஏன் இத்தனை முறை வருகிறது என்று கேட்க உங்களுக்கே தோன்றும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பையில் போட்டு வையுங்கள், பின்னால் வருவோம்.

இரண்டாம் படி: ஓசையைத் தனியே எடுத்து வையுங்கள்

மோனையும் எதுகையும் அணி என்று எழுதுகிறவர்கள் நிறைய. அவை தொடை, அதாவது ஓசை ஒன்றிவரத் தொடுப்பது, செய்யுளின் கட்டமைப்பைச் சொல்லும் யாப்பு இலக்கணத்தைச் சேர்ந்தவை. காதில் விழுவதைத் தனியாகவும் கருத்தில் நடப்பதைத் தனியாகவும் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று வீட்டில் சொல்கிறோமே, அதில் அகத்தின், அழகு மோனை. அகத்தின், முகத்தில் எதுகை. 'ஆடிப் பட்டம் தேடி விதை'யில் ஆடி, தேடி எதுகை. எதுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: முதல் எழுத்து இரண்டிலும் குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில் என்று அளவு ஒத்திருக்க வேண்டும். பட்டு, தட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது. மோனை இவ்வளவு கறார் இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். அதனால்தான் முதல் குறளில் 'அகர' என்று தொடங்கிய அடி 'ஆதி' என்று முடியும்போது காதுக்கு நிறைவாக இருக்கிறது. அடுத்த அடி 'பகவன்' என்று தொடங்கி 'அகர'வோடு எதுகையில் கட்டிக்கொள்கிறது. ஏழு சீருக்குள் இவ்வளவு நடக்கிறது!

சரி, ஓசையைக் குறித்துவிட்டு ஓரமாக வையுங்கள்.

மூன்றாம் படி: பக்கத்தில் இன்னொரு பொருள் நிற்கிறதா?

வழிகாட்டியின் மையமே இந்தப் படிதான், இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த பொருளுக்குப் பெயர் உவமேயம், அதை விளக்கக் கொண்டுவந்த பொருள் உவமை. இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றனவா, நடுவில் 'போல' மாதிரி ஓர் உருபு இருக்கிறதா என்று பாருங்கள்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று வருகிறது. உவமை, செம்மண்ணில் பெய்த மழைநீர். உவமேயம், அன்புடை நெஞ்சங்கள். உருபு, போல. இரண்டுக்கும் பொதுவான தன்மை, கலத்தல். நான்கும் வெளிப்படையாக இருப்பதால் உவமை அணி. ஆனால் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். செம்மண்ணில் விழுந்த நீர் நிறம் மாறிவிடுகிறது, இனி அதைப் பழைய நீராகப் பிரித்தெடுக்க முடியாது. பாலும் தண்ணீரும் என்று சொல்லியிருந்தாலும் கலத்தல் வந்திருக்கும், ஆனால் மேலே இருந்து வந்த ஒன்று நிலத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்கிற இந்த நெருக்கம் வந்திருக்காது. எழுதிய புலவரின் பெயர் தெரியாமல் போய், இந்த உவமையாலேயே அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ஓர் உவமைக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

பொதுத்தன்மை எதில் இருக்கிறது என்பதைத் தொல்காப்பியம் நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, மழை போன்ற கொடை என்றால் பயன், துடி (உடுக்கை) போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம், பவளம் போன்ற உதடு என்றால் உரு, அதாவது நிறம். ஓர் உவமை ஏன் பிடிக்கிறது அல்லது ஏன் ஒட்டவில்லை என்று யோசிக்க இந்த நான்கும் இன்றைக்கும் உதவுகின்றன.

உருபு என்றால் 'போல' மட்டும் இல்லை. போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று நன்னூல் பன்னிரண்டைச் சொல்லி, 'பிறவும்' என்று கதவையும் திறந்து வைக்கிறது.

இப்போது உருபை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு

மணற்கேணி தோண்டிய அளவு ஊறும். மனிதருக்குக் கற்ற அளவு அறிவு ஊறும். இரண்டு தனித்தனி வாக்கியங்கள், நடுவில் உருபு இல்லை, இணைப்பது நம் மனம்தான். இது எடுத்துக்காட்டு உவமை அணி. இங்கே பலர் 'அனைத்து' என்பதை உருபு என்று நினைத்து உவமை அணி என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அதன் பொருள் 'அவ்வளவு'. முதல் படியில் பொருளைச் சொல்லச் சொன்னது இதற்காகத்தான்.

கொண்டுவந்த உவமை உலகத்தில் இல்லாத ஒன்றாக இருந்தால்? 'அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' என்கிறது குறள். பாறை நிலத்தில் காய்ந்துபோன மரம் எங்கே துளிர்க்கும்? துளிர்க்காது, அன்பில்லாத வாழ்க்கையும் அப்படித்தான் என்பது கருத்து. இது இல்பொருள் உவமை. 'அற்று' இங்கே உருபு.

ஒப்பிட்டுவிட்டுப் பிறகு பிரித்தால் அது வேற்றுமை அணி. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.' தீயும் சுடும், நாவும் சுடும், அதுவரை இரண்டும் ஒன்று. ஆறுவதில் பிரிகின்றன. தீயால் வந்ததைப் 'புண்' என்றும் நாவால் வந்ததை 'வடு' என்றும் சொல்லியிருப்பதைப் பாருங்கள்: புண் ஆறிப் போகும், வடு நிலைத்து நிற்கும். வேற்றுமை சொல்தேர்விலேயே வந்துவிட்டது.

நான்காம் படி: இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டனவா?

உவமை, உருவகம் இரண்டையும் பிரிக்க எளிய வழி, சொற்களின் வரிசையைப் பார்ப்பது. 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், உவமை முன்னால் நிற்கிறது, உவமைத்தொகை. 'முகமலர்' என்றால் முகமாகிய மலர், உருவகம். தேன்தமிழ், தமிழ்த்தேன் இரண்டையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். விரிக்கும்போது 'போன்ற' பொருந்தினால் உவமை, 'ஆகிய' பொருந்தினால் உருவகம்.

உருவகத்தை முழுமையாக நடத்திக் காட்டியவர்கள் ஆழ்வார்கள். பூதத்தாழ்வார் 'அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக இன்புருகு சிந்தை இடுதிரியா' என்று தொடங்கி ஞானச் சுடர்விளக்கு ஏற்றுகிறார். அன்பு அகல், ஆர்வம் நெய், சிந்தை திரி, ஞானம் சுடர். விளக்கின் எந்த உறுப்பும் விட்டுப்போகவில்லை.

சில நேரம் கவிஞர் பாதியை மட்டும் உருவகம் செய்துவிட்டு மீதியை நம்மிடம் விடுவார். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்.' பிறவி கடல் என்றார், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. கடல் என்று வந்துவிட்டதால் தெப்பத்தை நாம் சேர்த்துக்கொள்கிறோம். இது ஏகதேச உருவகம். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி, அவ்வளவுதான். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: சொல்ல வந்த பொருளே காணோமா?

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்

மயிலிறகு ஏற்றிய வண்டியாக இருந்தாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். குறள் இதோடு முடிந்துவிட்டது. வண்டியைப் பற்றி வள்ளுவர் ஏன் பேசுகிறார்? அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள், வலியறிதல். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் ஒடிந்துபோவான் என்பது சொல்ல வந்தது. உவமையை மட்டும் வைத்துவிட்டு உவமேயத்தை மறைத்தால் பிறிது மொழிதல் அணி.

ஆக இரண்டும் உருபோடு இருந்தால் உவமை, உருபு போனால் எடுத்துக்காட்டு உவமை, இரண்டும் ஒன்றானால் உருவகம், உவமேயம் மறைந்தால் பிறிது மொழிதல். இந்த ஒரு வரிசையை மட்டும் தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: 'போல' உங்களை ஏமாற்றுகிறதா?

'மழை வரும் போல இருக்கிறது' என்கிறோம். 'போல' இருக்கிறது, உவமை இல்லை, வெறும் ஊகம். பாட்டிலும் இந்தக் கண்ணி உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, கோட்டைமேல் பறக்கும் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். 'போல்' இருப்பதால் உவமை என்று எழுதினால் தவறு. கொடி காற்றில் ஆடுவது இயல்பாக நடப்பது. அந்த ஆட்டத்தின்மேல் 'வராதீர்கள் என்று கை காட்டித் தடுக்கிறது' என்ற தன் குறிப்பைக் கவிஞர் ஏற்றுகிறார். ஆகவே தற்குறிப்பேற்ற அணி. உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது கொடிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியும். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நெஞ்சு கனக்கிறது.

கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும்: இயல்பாக நடக்கிற நிகழ்ச்சி ஒன்று இருக்கிறதா, அதற்கு இல்லாத காரணத்தைக் கவிஞர் சொல்கிறாரா?

ஏழாம் படி: ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதா?

பையில் போட்ட 'துப்பு' கேள்விக்கு வருவோம். சொல் ஒன்றே, பொருள் மாறுகிறது, ஓரிடத்தில் நன்மை, இன்னோர் இடத்தில் உணவு. இது சொல் பின்வருநிலை அணி. 'எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு' என்பதில் விளக்கு நான்கு முறை அதே பொருளில் வருகிறது, ஆகவே சொற்பொருள் பின்வருநிலை. 'அவிழ்ந்தன தோன்றி அலர்ந்தன காயா நெகிழ்ந்தன நேர்முகை முல்லை' என்பதில் அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன மூன்றும் மலர்ந்தன என்பதே. சொல் மாறிப் பொருள் நிற்பதால் பொருள் பின்வருநிலை.

பக்கத்திலேயே நிரல்நிறையையும் பார்த்துவிடலாம். 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்பதில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று வரிசையாகக் கோத்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: ஒரே தொடரில் இரண்டு பொருள் ஓடுகிறதா?

சிலேடை எனக்கு மிகவும் பிடித்த இடம். இரட்டுற மொழிதல் என்றும் சொல்வார்கள். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியிருக்கிறார்.

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது

முதலில் பாம்பாக மட்டும் படியுங்கள். படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடையும், ஆடும்போது சீறும், குடத்தை மூடித் திறந்தால் முகத்தைக் காட்டும், நஞ்சு தலைக்கேறினால் பரபரவென்று இருக்கும், பிளவுபட்ட நாக்கும் உண்டு. இப்போது அதே சொற்களை எள்ளாகப் படியுங்கள். செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் சேரும், ஆடும்போது செக்கு இரையும், குடத்தைத் திறந்து எட்டிப் பார்த்தால் எண்ணெயில் நம் முகம் தெரியும், மண்டையில் தேய்த்தால் பரபரவென்று ஊறும், கடைசியில் பிண்ணாக்கும் கிடைக்கும்.

'பிண்ணாக்கு' என்ற ஒரே சொல் பிளந்த நாக்காகவும் மாட்டுத் தீவனமாகவும் நிற்கிறது. சிலேடையைப் படிக்கும் முறை இதுதான்: இரண்டு பொருளையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காமல், ஒன்றை முழுதாக முடித்துவிட்டு முதலிலிருந்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஒவ்வொரு தொடரும் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

ஒன்பதாம் படி: குரலைக் கேளுங்கள்

சொல்கிறவர் நிஜமாகவே புகழ்கிறாரா? 'தேவர் அனையர் கயவர்' என்று குறள் தொடங்கும்போது புகழ்ச்சி மாதிரி இருக்கும். 'அவருந்தாம் மேவன செய்தொழுக லான்' என்று முடியும்போதுதான், இருவரும் தம் இஷ்டப்படி நடப்பார்கள் என்ற அடி விழுகிறது. தலைகீழாகவும் நடக்கும். கபிலர் புறநானூற்றின் 107ஆம் பாட்டில், எல்லாரும் பாரி பாரி என்று அவன் ஒருவனையே புகழ்கிறார்கள், உலகத்தைக் காப்பாற்ற மாரியும் உண்டே என்கிறார். குறை சொல்வது போல இருக்கிறது, ஆனால் பாரியை மழைக்குச் சமமாக நிறுத்திவிட்டார். இரண்டுமே வஞ்சப்புகழ்ச்சி. வாய்விட்டுப் படித்தால் இதைப் பிடிப்பது எளிது, கண்ணால் மட்டும் படித்தால் தவறிப்போகும்.

இடையில் ஒரு குறிப்பு: ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். அது அணி இல்லை, சொல்லிலக்கணம். ஆனால் நாம் தினமும் பேசுவது அதில்தான். 'பாலை இறக்கு' என்றால் இறங்குவது பாத்திரம், 'ஊரே சிரித்தது' என்றால் சிரித்தவர்கள் ஊர்மக்கள், 'வெள்ளை அடித்தோம்' என்றால் அடித்தது சுண்ணாம்பு.

தேர்வுக்கு எழுதுகிறவர்கள் அணியின் இலக்கணம், பாடல், பொருள், பொருத்தம் என்று நான்காக எழுதுங்கள். பொருத்தம் எழுதும்போது 'எனவே இது உவமை அணி ஆயிற்று' என்று மொட்டையாக முடிக்காமல், உவமை இது, உவமேயம் இது, உருபு இது என்று பாட்டிலிருந்து சொல்லை எடுத்துக் காட்டுங்கள்.

பத்தாம் படி: இயற்கைக் காட்சியைத் தாண்டிப் போகாதீர்கள்

சங்கப் பாடல்களில் மீனும் மாமரமும் வந்தால் வருணனை என்று நினைத்து வேகமாகக் கடந்துவிடுவோம். அங்கேதான் உள்ளுறை உவமம் இருக்கும். ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, மரம், பறவை போன்றவை கருப்பொருள்கள். தெய்வம் தவிர்த்த மற்றக் கருப்பொருள்களை வைத்து, சொல்லாமல் சொல்வது அது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுகிறவள் பரத்தை. தலைவனின் மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, அவளைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். பின்பாதியில் இருப்பது நேரான உவமை: எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசுவான், தன் வீட்டுக்குப் போனால் நாம் கை தூக்கினால் கை தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போல, மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்வான். உருபும் இருக்கிறது, மூன்றாம் படியிலேயே பிடித்துவிடலாம்.

முன்பாதிக்கு வாருங்கள். வயலோரத்து மாமரத்தில் முற்றிய பழம் தானாகவே விழுகிறது, குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது, அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன். மீன் மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவில்லை. நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாகத்தான் வந்து விழுந்தான் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. ஊரை வருணித்தாள், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். பழம் யாருடைய மரத்தில் பழுத்தது என்பதையும் அவர்கள் யோசித்திருப்பார்கள்.